சொம்புத் தண்ணீரும் ஏழு மைல் ரோடும்

பாலசமுத்திரம் வழி,
14-6-1960

சௌபாக்கியவதி தாட்சாயணிக்கு நைனா தணிகாசலம் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா முழு நலம், தம்பி முக்கால் நலம், நைனா ஒரு கண் அளவுக்கு நலம், மறு கண் ஆபரேஷன் ஆகிப் பச்சைத் துணிக்கு அடியில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. பிலாயில் நீயும் மாமாவும், இன்னும் பேர் வைக்காத அந்த மூன்றாவது ஆசாமியும் எப்படி இருக்கிறீர்கள் என்று உடனே எழுதவும். கண் ஆறும் வரைக்கும் நைனா பேனா பிடிக்கக் கூடாது, குனியக் கூடாது, குலுங்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. முதல் இரண்டையும் நைனா ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார், மூன்றாவதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். ஆகவே அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிறார், உன் தம்பி கோவர்த்தனன் எழுதுகிறேன். அவர் சொல்வதை அப்படியே எழுதினால் வரிக்கு மூன்று 'அப்புறம்' வரும், தபால் செலவு தாங்காது. அதனால் இந்தக் கடிதத்தில் 'நான்' என்று வரும் இடமெல்லாம் நான்தான், நைனா பேச்சை நைனா பேச்சாகவே போட்டுவிடுகிறேன், குழப்பிக்கொள்ளாதே.

உன் கடிதம் போன மாதம் வந்தது, நான்தான் உரக்கப் படித்தேன். ஏழாம் மாதம் அழைத்துப் போக யாரும் வர வேண்டாம், பிரசவம் இங்கேயே இரும்பு ஆலை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்கிறேன், அந்த ரோட்டில் இன்னொரு தடவை வர எனக்குத் தைரியம் இல்லை என்று எழுதியிருந்தாய். அம்மா உள்ளே போய், ஏற்கனவே புடைத்து வைத்திருந்த அரிசியை மறுபடியும் எடுத்துப் புடைத்தாள். நைனா ஒரு வெற்றிலை போட்டு முடித்துவிட்டு, "டேய், ஒரு காரு வாங்குடா" என்றார். பஸ் கட்டணம் அரையணா ஏறியதற்கு இரண்டு மாதம் பஸ்காரனோடு பேசாமல் நடந்தே போய்க்கொண்டிருந்த மனிதர், கத்தரி நாற்று வாங்கச் சொல்கிற மாதிரி சொன்னார். பெற்ற பெண் தாய் வீட்டுக்கு வராமல் ஆலைக்காரன் கட்டிலில் பிள்ளை பெற்றால் இவர் ஊருக்குள் எந்த முகத்தோடு நடப்பாராம். ஊரில் அவர் முகத்தை யாரும் அவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை என்று சொன்னேன், அதை எழுத வேண்டாம் என்கிறார், எழுதிவிட்டேன்.

ரோடு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். உனக்குத் தெரிந்த ரோடுதான், வயது மட்டும் மூன்று ஏறியிருக்கிறது. சித்தூர் ரோட்டிலிருந்து பிரிந்து நம் ஊர் வரைக்கும் உள்ள ஏழு மைலில் ஏழு வருஷமாக ஒரு கூடை சரளை விழவில்லை. ஆந்திரா பிரிந்த நாள் முதல், இந்த ஊர் எந்தப் பக்கம் போகுமோ, நாம் ஏன் அடுத்த ராஜ்ஜியத்துக்கு ரோடு போட்டுக் கொடுக்க வேண்டும் என்று ஆந்திராக்காரர்கள் இருந்தார்கள், வந்து சேரட்டும் பார்க்கலாம் என்று மெட்ராஸ்காரர்கள் இருந்தார்கள். இந்தச் சித்திரைக்கு முன்னால் ஒருவழியாக எல்லையைத் தீர்த்தார்கள். பள்ளிப்பட்டு மெட்ராஸ் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம், இனிமேல் பள்ளிப்பட்டு மாமன் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோனால் அது அயல்நாட்டு ஏற்றுமதி. தீர்ந்ததும் ஒரு லாரி நிறையக் கல் வந்து இறங்கியது, ஊரே வேடிக்கை பார்க்கப் போனது, நானும் போனேன். எல்லைக்கு நடுகிற கல். நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ரோட்டுக்குக் கல் அடுத்த வருஷத் திட்டத்தில் இருக்கிறதாம்.

கார் என்று நைனா வாயைத் திறந்ததுதான் தாமதம், ஊரில் உள்ள அத்தனை பேரும் எஞ்ஜினியர் ஆகிவிட்டார்கள். ஒருவருக்கு நிறம் முக்கியம், வெள்ளை வாங்கினால் ஆஸ்பத்திரி வண்டி என்று நினைப்பார்களாம். இன்னொருவருக்கு ஹாரன். கங்கையம்மன் ஜாத்திரைக்கு எத்தனை பேரை ஏற்றலாம் என்று கேட்டவரும் உண்டு, அவரே பதினொன்று என்று பதிலும் சொல்லிக்கொண்டார். பள்ளிப்பட்டு மாமன் ஆள் அனுப்பி, வண்டியைத் தன் விலாசத்தில் மெட்ராஸ் நம்பரில் பதியச் சொன்னார், மெட்ராஸ் நம்பர் என்றால் போலீஸ்காரன் மரியாதை கொடுப்பானாம். நைனா, "பள்ளம் நம்பரு பாத்தா தூக்கிப் போடுது?" என்று கேட்டு அனுப்பினார். மெட்ராஸில் மூன்று வருஷம் மோட்டார் படித்துவிட்டு, சித்தூர் பஸ் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவன் ஒருவன் இதே வீட்டில் சோறு தின்கிறான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. நானாகவே ஒரு தாள் எடுத்து எழுதிக் கொடுத்தேன். தேவை என்ன, தோப்புக் குத்தகைப் பணத்தில் கைக்கு வருவது எவ்வளவு, மாதத்துக்கு எத்தனை மைல் ஓடும், பெட்ரோலுக்கு எவ்வளவு ஆகும், உதிரி பாகம் சித்தூரிலேயே கிடைக்குமா, வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் எத்தனை அங்குலம், எல்லாம் கணக்குப் போட்டுக் கடைசியில் ஜீப் என்று அடிக்கோடு போட்டேன். நைனாவுக்கு ஒற்றைக் கண்ணால் படிக்க முடியாது என்று நானே படித்துக் காட்டினேன். ஜீப் என்ற இடம் வந்ததும் அவர் தாளை வாங்கி நான்காக மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலில் வேலூரில் புதுக் கார் விற்கிற ஒரு கடைக்குப் போனோம். புது அம்பாசிடர் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. கடைக்காரர் பானெட்டைத் திறந்து எஞ்ஜினைக் காட்ட வந்தார், நான் ஆவலாகக் குனிந்தேன், திரும்பிப் பார்த்தால் நைனாவைக் காணோம். பின் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, பின் சீட்டில் நீட்டிப் படுத்திருந்தார். பச்சைத் துணி கட்டிய கண் வேறு. கடைக்காரர் பயந்துபோய்ச் சோடா வாங்க ஆள் அனுப்பினார். நைனா படுத்தபடியே, "இடுப்புக்கு நல்லாத்தான் கீது, ஓட்டு பாக்கலாம்" என்றார். பணம் கட்டிப் பதிந்தால் முறை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றார் கடைக்காரர். ஒரு வருஷத்தில் உன் பிள்ளை தவழ்ந்தே ஊர் வந்து சேர்ந்துவிடும் என்று நான் கணக்குச் சொன்னேன். சோடாவை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அடுத்தது சித்தூர் கார் தரகர் கன்னையா. ஒரு டாக்டருடைய பழைய பியட்டைக் காட்டினார். சிக்கனமான வண்டி, எஞ்ஜின் சத்தம் கேட்டால் தாலாட்டு மாதிரி இருக்கும், எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நைனா படுத்தார், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி வெளியே நின்றது. கன்னையா என் காதில், "ஏமப்பா, மீ நைனாக்கு காரு வோணுமா, மஞ்சம் வோணுமா?" என்று கேட்டார். கட்டில்தான் வேண்டும், நாலு சக்கரம் வைத்தது என்றேன். உன் உயரம் நைனா உயரம், அதனால் தனக்குப் பொருந்துவதுதான் உனக்கும் பொருந்தும் என்பது நைனாவின் விஞ்ஞானம். அதோடு நிற்கவில்லை. வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பு கொண்டுவந்திருந்தார், கழுத்து வரைக்கும் தண்ணீர் ஊற்றி, படுத்தபடி வயிற்றின் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நம் ஏழு மைலில் ஓட்டச் சொன்னார். எவ்வளவு சிந்துகிறதோ அவ்வளவுக்கு வண்டி ஆகாதாம். ஊருக்கு வந்து பார்த்தால் வேட்டி நனைந்து, அம்மா கண்ட இடத்தில் கத்த ஆரம்பித்துவிட்டாள், கண் ஆபரேஷன் ஆனவர் குலுங்கக் கூடாதென்றால் அதற்கென்றே கார் வைத்துக் குலுங்குகிறார் என்று. எனக்குக் கோபம் வேறு காரணத்துக்கு. கொஞ்சம் சிந்திச்சு, நெறைய சிந்திச்சு என்று அளந்தால் அது பரீட்சையா. ஒர்க்‌ஷாப்பில் பாட்டரி ஆசிட் அளக்கும் அவுன்ஸ் கிளாஸை மூன்று தடவை கழுவிக் கொண்டுவந்தேன். சொம்புக்கு இருபது அவுன்ஸ் பிடித்தது. மறுநாள் மறுபடி ஓட்டினதில் பியட்டில் எட்டு அவுன்ஸ் போயிற்று. அது ரோட்டில் ஓடுவதற்காகச் செய்த வண்டி, நம் ஊரில் ரோடு இல்லை, வண்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாவது வண்டி திருப்பதியில். கோர்ட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வக்கீல் ஸௌரிராஜன் வீட்டு லாண்ட்மாஸ்டர், ஐந்து வருஷத்து வண்டி, மலைக்கும் கோர்ட்டுக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை, மேலே வெள்ளைப் போர்வை போர்த்தி வைத்திருந்தார். விற்கிற மனிதரா, பெண் கொடுக்கிற மனிதரா என்று எனக்குச் சந்தேகம். எந்த ஊர், என்ன பயிர், டிரைவர் புகைப்பாரா என்று விசாரித்தார், டிரைவர் நான்தான் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நைனா வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அவர் எட்டிப் பார்த்து, "ஓய், கார்ல உக்காந்துண்டு போறதுதான் வழக்கம்" என்றார். "என் பொண்ணு படுத்துகினு வரணும் சாமி, வயித்துப் புள்ளையோட. போன தபா உக்காந்துகினு வந்துச்சு" என்றார் நைனா. வக்கீல் சுற்றி வந்து கதவுப் பக்கம் நின்றார். "இடது பக்கக் கதவு சித்த முரடு, தூங்கறச்சே படார்னு சாத்தப்படாது, இப்படித் தூக்கிச் சாத்தணும்" என்று இரண்டு தடவை சாத்திக் காட்டினார். பிறகு விலையில் ஒரு ரூபாய் குறைக்கச் சொன்னோம், அதற்கு மட்டும் வக்கீலாகிவிட்டார்.

பேரம் முடியும் முன் வண்டியை ஒரு நாள் நம் ரோட்டுக்குக் கொண்டுவர அனுமதித்தார். இருபத்தைந்து மைல் வேகத்தில் ஓட்டினேன், ஆறு அவுன்ஸ். பியட்டைவிட இரண்டுதான் குறைவு. நைனா இன்னொரு தடவை என்றார். அன்று ஒர்க்‌ஷாப்பில் லீவு போட்டு, வெயிலில், கிழவர் வயிற்றுச் சொம்புக்காக ஓட்டிக்கொண்டிருக்கிறேனே என்று எனக்கு வந்த எரிச்சலில், சரி உங்களுக்கு வேண்டியது இதுதானே என்று வீம்புக்குப் பத்து மைல் வேகத்தில் ஓட்டினேன். ஏழு மைலுக்கு நாற்பத்திரண்டு நிமிஷம். மாங்காய் ஏற்றின கட்டை வண்டி ஒன்று எதிரே வந்து வழி கேட்டது, வண்டிக்காரன், "தம்பி, பெட்ரோலு தீந்துபோச்சா, மாட்ட அவுத்துத் தரட்டா?" என்றான். ஊருக்கு வந்து கிளாஸில் ஊற்றினேன். இரண்டு அவுன்ஸ். அளவு தப்பென்று திரும்ப ஊற்றினேன். இரண்டுதான். படித்த படிப்பு சும்மா இருக்குமா, வேகத்தையும் வண்டியையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது, ஒன்றை நிறுத்தி மற்றதை மாற்றிப் பார்க்க வேண்டும். பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்காரருடைய அதே ஜீப்பை மறுபடி கேட்டு வாங்கி வந்தேன், உனக்குத் தெரிந்த ஜீப்தான், நைனா பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து சொம்பை மடியில் வைத்துக்கொண்டார், பத்து மைல் வேகத்தில் ஓட்டினேன். நான்கு அவுன்ஸ். இருபத்தைந்தில் ஓடின மெத்தை வண்டியைவிடக் குறைவு. நைனா கிளாஸைத் தடவிப் பார்த்துவிட்டு, இறங்காமலே கேட்டார், "அன்னிக்கு எவ்ளோ வேகம்டா?"

முப்பத்தைந்து என்றேன். இப்போது உனக்கும் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன் உன்னைச் சித்தூர் ஸ்டேஷனிலிருந்து அந்த ஜீப்பில் நான்தான் அழைத்து வந்தேன், படிப்பு முடித்த புதுசு, வண்டியின் வயிறு தரையிலிருந்து இத்தனை அங்குலம், இது எங்கேயும் போகும் என்று வழியெல்லாம் உனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தேன். அது எங்கேயும் போயிற்று. உள்ளே நீ இருந்தாய் என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. "மெதுவா போடா" என்று நீ இரண்டு தடவை சொன்னாய், ஓடைக்கு முன்னால் ஒரு தடவை, புளியமரத்துப் பள்ளத்தில் ஒரு தடவை. அன்று சாயங்காலமே உனக்கு வலி எடுத்தது, பிள்ளை தங்கவில்லை. டாக்டர் அதனால்தான் என்று சொல்லவில்லை, அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. ஊர் ரோட்டைத் திட்டியது, நைனா எல்லையைத் தீர்க்காத அதிகாரிகளைத் திட்டினார், கூடவே நானும் சேர்ந்து திட்டினேன், எல்லோரையும்விட உரக்க. இரண்டு ராஜ்ஜியம் ரோடு போடவில்லை என்பது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது. நீ யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இந்தத் தடவையும் ஜீப் என்றுதான் அடிக்கோடு போட்டேன், அப்படியாவது அந்த வண்டி குற்றமற்றது என்று ஆகட்டும் என்றோ என்னவோ. ஜீப்பை முப்பத்தைந்தில் ஓட்டி எத்தனை அவுன்ஸ் என்று பார்த்தால் பரீட்சை முழுதாகும். அதை இன்னொரு தடவை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. அன்று வாசலில் இறங்கும்போது நைனா, "மொதல்ல அத அவளுக்கு எழுது, காரு சமாச்சாரம் அப்பால எழுது" என்றார். வரிசையை மாற்றி எழுதிவிட்டேன், நான்கு தாள் காருக்குப் போன பிறகுதான் கை இந்தப் பக்கம் திரும்பியது. மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன், மேலே தெரியும் மைக் கறை அதுதான். அதைத் தபாலில் கேட்பது சரியில்லை.

லாண்ட்மாஸ்டரையே வாங்கிவிட்டோம், நேற்று கதவைத் தூக்கிச் சாத்திக் கொண்டுவந்து சேர்த்தேன். குத்தகைப் பணத்துக்குள் அடங்கியது, மிச்சத்தில் நான்கு மாதப் பெட்ரோலுக்குத் தாங்கும், அதற்கு மேல் ஊர் சுற்ற நினைப்பவர்கள் ஜாத்திரைக்கு நடந்தே போகட்டும். பிரசவ சமயத்துக்கு வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கும், சித்தூர் ஆஸ்பத்திரிக்கு எந்த நேரமும் போகலாம், லேடி டாக்டரிடம் அம்மா இப்போதே போய்ப் பேசிவிட்டாள், அந்த அம்மாளுக்கு ஒரு கூடை மாம்பழமும் போய்விட்டது. ஆவணி பிறந்ததும் அம்மா பிலாய்க்கு வந்து உன்னை அழைத்து வருவதாகத் திட்டம். வருவதும் வராததும் உன் இஷ்டம், இதை நைனா சொல்லச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வர மனமில்லை என்றால் அம்மா அங்கே வந்து மூன்று மாதம் இருப்பாள், அந்த ஏற்பாட்டையும் நைனாவிடம் பேசி வைத்திருக்கிறேன், முகம் கொஞ்சம் கோணியது, கோணட்டும். வருவதானால் கார் ஓட்டுவது யார் என்று நீ எழுத வேண்டும். நானா, கன்னையாவா. கன்னையா வாய் ஓயாது, ஆனால் கை நிதானம். ஒரு கார்டில் ஒரு பேர் எழுதினால் போதும், யார் பேர் என்றாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், கோபித்துக்கொண்டாலும் உனக்குத் தெரியாது, பிலாய் வெகு தூரம்.

அம்மா சொல்லச் சொன்னது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காதே, பட்டினி கிடந்து விரதம் இருக்காதே, கீரை தின்னு, ரயிலில் கீழ்ப் படுக்கைக்கு மாமாவை இப்போதே சொல்லி வைக்கச் சொல், பழைய வேட்டித் துணி நிறைய வெட்டி வைத்திருக்கிறாள், அங்கே ஒன்றும் வாங்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு எங்கள் எல்லோருடைய அன்பும். மலைமேல் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் உன்னையும் வயிற்றில் இருப்பதையும் குறையில்லாமல் காப்பான் என்று அம்மாவும் நைனாவும் ஆசீர்வதிக்கிறார்கள். மறக்காமல் கார்டு போடு. நைனா கையெழுத்து மட்டும் போடுகிறேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார், டாக்டர் உத்தரவில் மீதியிருந்ததும் போயிற்று. கீழே உள்ளது அவர் கை, ஒரு கண்ணால் எழுதியது, ஏறி இறங்கித்தான் இருக்கும்.

அம்மா தாட்சாயணி, நேத்து திருப்பதிலேந்து வர்ரப்போ சொம்ப நான்தான் புடிச்சினு வந்தேன். நம்ம ரோட்டுல ஓட்டனது அவன்தான். நான் ஒண்ணும் சொல்லல, அவனாவே மெதுவா வந்தான். வேட்டி நனையல.
இப்படிக்கு நைனா,
தணிகாசலம்